உங்கள் பிள்ளைகள் என்னோடு பேசுவதில்லை

ஜூலை 9

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

வணக்கம். ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் விட்டுப்போன இடத்தில் தமிழ் எடுக்க வந்திருப்பவள் நான். வேலைக்குப் புதிது, இதுதான் முதல் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பிலிருந்து நீங்கள் கையோடு கூட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்பில் என்னிடம் இருக்கிறார்கள். 'என்னிடம்' என்று எழுதிவிட்டேன். 'என் எதிரில்' என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. உள்ளே நுழைந்ததும் எழுந்து நிற்கிறார்கள், ஒரே குரலில் வணக்கம் சொல்கிறார்கள், உட்காருகிறார்கள். அதோடு கடையடைப்பு. கேள்வி கேட்டால் சரியான பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். சிரிக்கட்டும் என்று ஒரு கதை சொன்னேன். ஒருவர்கூடப் பல்லைக் காட்டவில்லை. பலகையில் வெயில் கூசுகிறதே என்று மேஜையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன். மறுநாள் அது பழைய இடத்துக்குப் போயிருந்தது. கேட்டதற்கு, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிறார்களே, அந்தப் பெண் எழுந்து, "அது அங்கதான் இருக்கும் டீச்சர்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வராந்தாவில் நடந்து வரும்போது உள்ளே ஒரே சிரிப்பும் கூத்துமாக இருக்கிறது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிடுகிறது. நான் வந்து எதையோ கெடுத்துவிட்ட மாதிரி தினமும் கதவடியில் நிற்கிறேன்.

அலுவலக எழுத்தர் ஐயாவிடம் கெஞ்சிக் கூத்தாடி உங்கள் முகவரியை வாங்கினேன். தவறாக எண்ண வேண்டாம். அவர்கள் மனதுக்குள் எப்படிப் போனீர்கள் என்று சொல்வீர்களா? தொலைபேசி எண் இருந்தால் நானே கூப்பிட்டுப் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் தமிழ் டீச்சர்


ஜூலை 20

அன்புள்ள டீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்தர் ஐயா நல்ல மனிதர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

போனில் பேச எனக்கு வசதிப்படாது. எழுதுங்கள்.

மனதுக்குள் போக என்னிடம் தந்திரம் ஒன்றும் இருக்கவில்லை. பாடத்தை உரக்க வாசிப்பேன். அவர்கள் கேட்பார்கள். கிழவன் பேசும் இடத்தில் கிழவனாகவும் குழந்தை பேசும் இடத்தில் குழந்தையாகவும் குரலை மாற்றுவேன். மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். இதைப் போய் ஒரு வழிமுறை என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது?

நெட்டையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அவளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். உங்களிடம் அவ்வளவு பணிவாக இருக்கிறாள் என்றால் கொதித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் குறுக்குக் கேள்வி கேட்பானே, வக்கீல் என்று எல்லோரும் கூப்பிடும் பையன், அவன் வீட்டில் அப்பா முன்னால் வாயே திறக்க மாட்டான். அங்கே அடைத்து வைத்ததைத்தான் வகுப்பில் கொட்டுகிறான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களுக்கு எழுதுவது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய டீச்சர்


ஆகஸ்ட் 4

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன்.

வக்கீலைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல அப்பாகிட்ட பேச முடியலன்னா என்கிட்ட பேசலாம்பா" என்றேன். அவன் முகம் செத்துப்போய்விட்டது. "இது அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கு யாரு சொன்னா?" என்றான். "அப்ப அவங்க உங்ககிட்ட பேசுறாங்க. எங்ககிட்ட பேச மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

மறுநாள் வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருந்தது. தலைமையாசிரியர் அவர்களிடம் 'மாற்றல்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். மிச்சத்தை அவர்களே இட்டுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணமாகிக் கண்காணாத இடத்துக்குப் போய்விட்டீர்கள் என்கிறான் ஒருவன். தலைமையாசிரியரோடு சண்டை என்கிறாள் இன்னொருத்தி. நெட்டை மட்டும், "எங்கள விட நல்ல பசங்க கெடச்சிருப்பாங்க. விடுங்கடா" என்றாள். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அழுதுவிடுவாள் போல இருந்தது.

பரிசோதனைக் கூடத்துக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அவர்களுக்காகவா எனக்காகவா என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள்மேல் எனக்குப் பொறாமை. பொறாமையோடு கொஞ்சம் கோபமும் உண்டு. இப்படி நேசிக்கிற பிள்ளைகளை விட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போக எப்படி மனசு வந்தது? இரண்டு வரி எழுதிப் போட்டால் கை தேய்ந்தா போகும்?

அதிகமாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள்.

இப்படிக்கு,
புது டீச்சர்


ஆகஸ்ட் 15

அன்புள்ள டீச்சருக்கு,

கோபித்துக்கொண்டு எழுதினீர்களே, அது பிடித்திருந்தது. இந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் பஞ்சில் பொதிந்த மாதிரி நடந்துகொள்கிறார்கள்.

என் குரல் போய்விட்டது. கம்மிப்போனது, கரகரத்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இல்லை, அவ்வளவுதான். தொண்டையில் வந்த நோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. அதன்மேல் ஒரு துணி கட்டிக்கொள்கிறேன். அண்ணன் வீட்டில் மாடி அறையில் இருக்கிறேன். வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். கடைக்காரர் நான் எழுதிக் காட்டினால், எனக்குக் காதும் கேட்காது என்று முடிவு செய்து ஊரே கேட்கக் கத்துகிறார். கத்தாதீர்கள் என்று எழுதிக் காட்டினேன். "சரிம்மா!" என்று அதையும் கத்தித்தான் சொன்னார்.

கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசுகிற ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். ரேடியோவில் நிலையம் சிக்காதபோது வருமே, அப்படி ஒரு சத்தம். அண்ணன் மகள் ஒருதரம் கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

போன வருஷக் கடைசியிலேயே குரல் இறங்க ஆரம்பித்துவிட்டது. நான் மெதுவாகப் பேசப் பேச வகுப்பு இன்னும் அமைதியாகக் கேட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து, நல்ல உத்தி டீச்சர் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பிள்ளைகளிடம் என்னுடைய குரல் ஒன்று இருக்கிறது. அது அங்கேயாவது இருக்கட்டும். என்னைத் திட்டட்டும், மறந்துவிட்டாள் என்று சொல்லட்டும். கோபம் ஒருநாள் ஆறிவிடும். பரிதாபத்தோடு என்னைப் பார்த்துவிட்டார்கள் என்றால் அப்புறம் நான் எந்தக் காலத்திலும் அவர்களுக்கு டீச்சர் இல்லை.

அவர்களிடம் சொல்ல மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய டீச்சர்


ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம் அல்லவா? வேண்டாம் என்றால் அடித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் முழங்காலில் இருந்தேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. போன கடிதத்தில் கை தேய்ந்தா போகும் என்று கேட்டதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. ஒருவரிடமும் சொல்ல மாட்டேன்.

நான் ஏன் இந்தப் பிள்ளைகளுக்காக இப்படிப் பறக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்பா சபை ஊழியர். எங்கே அனுப்புகிறார்களோ அங்கே மூட்டை முடிச்சோடு போவோம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் கூடிப்போனால் இரண்டு வருஷம்தான். ஒரு கூட்டத்துக்குள் நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டில் சாமான் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். டீச்சரானால் வகுப்பு எனக்கே எனக்கென்று இருக்கும் என்று சின்ன வயதிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. காலையில் யாரும் வருவதற்கு முன்னால் நான் வகுப்பில் போய் ஒவ்வொரு பெஞ்சாக, ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பது வழக்கம். எவனோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். வக்கீல் எழுந்து, "டீச்சர், எங்கள மதம் மாத்தப் போறீங்களா?" என்றான். தலைமையாசிரியர் வரை போய்விட்டது. அவர் கூப்பிட்டு, "ஜெபத்தை வீட்ல வச்சுக்குங்கம்மா" என்றார். வகுப்புக்கு வந்து சொன்னேன்: "உங்கள மாத்தவெல்லாம் இல்லப்பா. பேரு மறந்துடக்கூடாதேன்னு சொல்லிப் பார்ப்பேன். ஆண்டவர்கிட்ட சொன்னா ஞாபகம் நிக்கும்." கடைசி பெஞ்சில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அந்த வகுப்பில் எனக்காக விழுந்த முதல் சிரிப்பு, அக்கா.

இப்போது வீட்டில்தான் ஜெபிக்கிறேன். வரிசையில் உங்களையும் சேர்த்திருக்கிறேன்.

உங்கள் தங்கச்சி


செப்டம்பர் 15

அன்புத் தங்கச்சிக்கு,

சேர்த்துக்கொள். எனக்கு உன் ஆண்டவரோடு பழக்கமில்லை. நீ சொன்னால் கேட்பார் என்றால் இருமலைப் பற்றி மட்டும் கொஞ்சம் எடுத்துச் சொல்.

நீ வாரம் தவறாமல் எழுதுவதைப் பார்த்து அண்ணி கேலி செய்கிறாள். "யாரு அந்த மாப்பிள்ளை, எனக்கும் காட்டக்கூடாதா" என்கிறாள். தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே நான் மாடிப்படியில் நிற்கிறேனாம்.

இன்னும் விவரமாக எழுது. ஜன்னல் பக்கம் இப்போது யார் உட்காருகிறார்கள்? மின்விசிறியை ரிப்பேர் செய்தார்களா? நெட்டையின் தம்பிகள் இரண்டு பேரும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் வருகிறார்களா? நீ எழுதினால் எனக்கு வகுப்பின் இரைச்சல் கேட்கிறது. பகலில் இந்த வீட்டில் எல்லோரும் வெளியே போன பிறகு சத்தம் என்று எதுவும் இல்லை. நானும் சத்தம் போட முடியாது. சில சமயம் தட்டை வேண்டுமென்றே கீழே போடுகிறேன்.

போன கடிதத்தில், எனக்கு உங்களைப் போல வாசிக்க வராது என்று எழுதியிருந்தாய். வராவிட்டால் அவர்களை வாசிக்க விடு. நெட்டைக்கு நல்ல தொண்டை. என்னை மாதிரியே இழுத்து வாசித்து எல்லோரையும் சிரிக்க வைப்பாள். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருப்பேன்.

டாக்டர் மறுபடி தொண்டையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். பயப்பட ஒன்றுமில்லையாம். டாக்டர்கள் அதைத்தானே சொல்வார்கள்.

உன் அக்கா


நவம்பர் 6

அக்கா,

இந்தக் கடிதம் சனிக்கிழமைக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

இடைத்தேர்வில் நெட்டை தமிழ்த் தாளை வெள்ளையாகக் கொடுத்துவிட்டாள். வகுப்பில்தான் கேட்டேன், ஏன்மா இப்படி என்று. எழுந்தவள் என்னைப் பார்த்து, "செத்துட்டாங்களா டீச்சர்?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உண்மையச் சொல்லுங்க. எங்க டீச்சர் செத்துட்டாங்க, அதத்தானே எல்லாரும் மறைக்கிறீங்க? உயிரோட இருந்தா எங்கள இப்படி விட்டிருக்க மாட்டாங்க" என்றாள். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை மாதத்தில் முதல்தடவையாக அத்தனை முகமும் என்னைப் பார்த்தது, அக்கா.

'இல்லை, உயிரோடு இருக்கிறார்' என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. நான் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர்களும் அழுதார்கள். நெட்டை வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். வக்கீல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

உண்மைக்காகத்தான் சொன்னேன் என்று ஜெபத்தில் சொல்லிப் பார்த்தேன். முழுதாக வாயில் வரவில்லை. அந்தத் தோளும் அந்தத் தண்ணீரும் எனக்கு வேண்டியிருந்தன.

முகவரியை நான் கொடுக்கவில்லை. எழுத்தர் ஐயாவிடமிருந்து வாங்கிவிட்டார்கள். சனிக்கிழமை பஸ் பிடித்து வரப்போகிறார்களாம். தடுத்தேன், கேட்கவில்லை. "நீங்களும் வாங்க டீச்சர்" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நான் வரமாட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

வீட்டில் இல்லை என்று அண்ணியைச் சொல்லச் சொல்லுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

தங்கச்சி


நவம்பர் 15

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பிள்ளைகள் சனிக்கிழமையே வந்துவிட்டார்கள்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில்தானே என்று கழுத்துத் துணியைக் கழற்றி வைத்திருந்தேன். அண்ணன் மகள் யாரையும் கேட்காமல் மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் படிக்கட்டு நிறையப் பிள்ளைகள். எவ்வளவு வளர்ந்துவிட்டார்கள்! பையன்களுக்கு மீசை அரும்பியிருக்கிறது.

வக்கீல்தான் முதலில், "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று கத்தினான். கடைக்காரர் கத்துவது போலவே. பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

எழுதிக் காட்டச் சிலேட்டு பக்கத்தில் இல்லை. அறைக்குள் போய் அந்தக் கருவியை எடுத்து வந்தேன். அவர்கள் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே என்று தோன்றியது. கழுத்தில் வைத்து நெட்டையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் ஓர் அடி பின்னால் போனாள்.

ஓர் அடிதான். அவளைக் குறை சொல்லவில்லை.

அண்ணி டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தார்கள். போகும்போது ஒவ்வொருவராக என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் தொடுவது போல.

உங்களைத் திட்டத் தோன்றவில்லை. உங்களுக்கு அவர்கள் வேண்டியிருந்தது; எனக்குத் தெரியும். நானும் அப்படி ஏங்கியவள்தான். என்னிடம் மிச்சம் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அது உங்களுடையது இல்லை. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

அவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி எழுத வேண்டாம்.

முன்னாள் தமிழாசிரியை


மார்ச் 30

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இருந்தும் நடுவில் இரண்டு தரம் எழுதினேன், பதில் வரவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஒரு செய்தியை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அது என்னிடம் கிடப்பது சரியில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நெட்டை ரொம்ப நாள் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் தேர்வு முடிந்து எல்லோரும் போன பிறகு என் மேஜைக்கு வந்தாள். "டீச்சர், அன்னைக்கு நான் பயந்து பின்னால போகல. அவங்க என் பேரச் சொன்னதும் அழுகை வந்துடுச்சு. அவங்க முன்னால அழக்கூடாதுன்னு வர்ற வழியெல்லாம் எல்லாரும் பேசி வச்சிருந்தோம். அதான் திரும்பிக்கப் பார்த்தேன். அவங்க பார்த்த பார்வையில, நான் பயந்துட்டேன்னு நெனச்சுட்டாங்கன்னு புரிஞ்சுது. சொல்ல வாய் வரல. நீங்க எழுதுங்க டீச்சர்" என்றாள். நீயே எழுதேன் என்றேன். எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறாளாம்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். என்னை நம்ப வேண்டியதில்லை. அவளை நம்புங்கள்.

நேற்று வகுப்புக்குப் பிரிவுபசாரம். மாலை வரை என்னை விடவில்லை. தோளில் தொங்கினார்கள், என் நடையை நடந்து காட்டினார்கள், நான் திட்டுவதை எனக்கே திட்டிக் காட்டினார்கள். வக்கீல் எனக்கு எதிராக ஒரு வழக்குப் போட்டு, அவனே வாதாடி, அவனே தோற்றான். வயிறு வலிக்கச் சிரித்தேன். நான் சின்ன வயதிலிருந்து கேட்டதெல்லாம் ஒரே நாளில் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, பழக்கத்தில் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். 'அன்புள்ள அக்காவுக்கு' என்று எழுதிய பிறகுதான் நினைவு வந்தது. அப்பாவிடம் சொல்லலாம் என்றால், "ரொம்ப சந்தோஷம்மா" என்பார். வக்கீல் தோற்றான் என்றால் அதில் என்ன சிரிப்பு என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

டாக்டர் எடுத்த படத்தில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் இல்லை. தினமும் காலையில் வரிசையில் உங்கள் பெயர் வரும்போது, எதைக் கேட்பது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன்.

ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது. மேஜை எங்கே இருந்தாலும் கேட்க மாட்டார்கள். நினைத்தால் எனக்கு ஏனோ அழுகை வருகிறது.

நெட்டையின் வீட்டு முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பதில் எழுதத் தோன்றினால் அவளுக்கு எழுதுங்கள். எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்புத் தமிழ் டீச்சர்